கிளெய்ம் பேட்டி ஆடியோவை டைப் செய்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பதினோரு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். இன்சூரன்ஸ் கிளெய்ம் வந்ததும் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரோ, நடந்ததை விசாரிக்கும் இன்வெஸ்டிகேட்டரோ நேரில் போய், சம்பந்தப்பட்டவர்களிடம் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவார். அந்தப் பேச்சை எழுத்தாக்கித் தருவது என் வேலை. இப்போது என்னோடு ஆறு பேர் அவரவர் வீட்டிலிருந்து டைப் செய்கிறார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் மாதத்தில் கேட்பது ஒரே சந்தேகங்களைத்தான், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல். இனி யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, நான் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சிருக்கேன். அது போதுமில்ல?

விரலுக்குப் போதும். இந்த வேலையில் விரலுக்கு இருக்கும் பங்கு கால்வாசிதான், மிச்சமெல்லாம் காது. ஹையரில் முதல் வகுப்பு வாங்கிய பெண் ஒருத்தி பத்து நிமிட ஆடியோவை ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டைப்பிங் சுமாராக வரும் இன்னொருத்தி அதையே ஒன்றரை மணி நேரத்தில் முடித்தாள். அவள் அப்பா லாரி டிரைவர் என்பதால் 'ஏர் புடிக்கலை', 'பிளேட் கட்டாயிருச்சு' என்பதெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய சொற்கள்.

எந்த விசைப்பலகை என்றும் கேட்பார்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையைப் பழகினால் வேகம் வரும். பழைய டைப்ரைட்டர் முறையே கையில் ஊறிவிட்டது என்றால் அதுவும் சரி. எழுத்து மட்டும் யூனிகோடாக இருக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அந்தப் பக்கம் திறக்கிறவருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

என்னென்ன மாதிரி ஆடியோ வரும்?

பாதிக்கு மேல் வண்டி. பெங்களூரு, கோவை, சென்னை என்று எல்லாச் சாலையும் சந்திக்கிற ஊர் நம்முடையது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்காரர்கள் ஊர். தருமபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி என்றால், அந்த ஒரு விபத்துக்கே டிரைவர், கிளீனர், முன்னால் போன கார்க்காரர், டீக்கடைக்காரர் என்று நாலைந்து பேட்டி வரும். அடுத்தது தறி ஷெட் தீப்பிடித்தது, ஜவ்வரிசி ஆலையில் மோட்டார் எரிந்தது மாதிரியானவை. மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து எஸ்டேட் ஸ்டோர் மேல் சில்வர் ஓக் மரம் சாய்ந்த கதைகள் வரும். அப்புறம் உயிர் காப்பீடு. டைப் செய்ய மனசுக்குக் கஷ்டமானது அதுதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு மணி நேர ஆடியோவை எவ்வளவு நேரத்துல முடிக்கணும்?

ஆபீஸ் அறையில் இரண்டு பேர் நிதானமாகப் பேசியிருந்தால் நாலு மணி நேரம். பட்டறையில், டீக்கடையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எடுத்தது என்றால் ஏழு, எட்டு கூட ஆகும். பணம் ஆடியோவின் நிமிடக் கணக்குக்குத்தான் வரும், உட்கார்ந்த நேரத்துக்கு வராது. அதனால் 'நிமிடத்துக்கு இவ்வளவு' என்று சொன்னவுடன் தலையாட்டாதீர்கள். அந்தத் தொகையை நாலால் வகுத்தும் எட்டால் வகுத்தும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

'ஆடியோ ரொம்பத் தெளிவா இருக்கும்'னு சொல்றாங்க. நம்பலாமா?

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் 'ஆடியோ மோசமாக இருக்கும்' என்று சொல்லி வேலை கொடுத்ததில்லை. மாதிரி கேட்டால் முதல் இரண்டு நிமிடத்தை அனுப்புவார்கள். முதல் இரண்டு நிமிடம் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். இன்வெஸ்டிகேட்டர் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி, நேரம், பாலிசி எண், எந்த ஊர் என்று சொல்லும் நேரம் அது. அதற்கப்புறம் போனைச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். பிறகு வருவதெல்லாம் துணி உரசுகிற சத்தம், நடுவே யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல்.

நடுவிலிருந்து இரண்டு நிமிடம் கேளுங்கள். பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து என்று குறிப்பாகவே கேளுங்கள்.

ஹெட்போன், ஃபுட் பெடல் எல்லாம் வாங்கணுமா?

காதை முழுக்க மூடுகிற, ஒயர் வைத்த ஹெட்போன் ஒன்று கட்டாயம். காதுக்குள் செருகுவது வேண்டாம், ஒரே வாரத்தில் வலி வரும். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிற பழக்கம் இன்னும் மோசம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கிறவர்கள் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாம் கேட்பது வாரத்துக்கு அவ்வளவுதான் இருக்கும். சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக வேகத்தை முக்கால்வாசியாகக் குறைத்துப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும்.

ஃபுட் பெடல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நிறுத்தவும் மூன்று வினாடி பின்னால் போகவும் கீபோர்டில் ஒரு விசையை ஒதுக்கிக்கொள்ளலாம். மவுஸைத் தொட்டுத் தொட்டு நிறுத்தினால் மட்டும் உருப்படாது.

அவங்க பேசுறதை அப்படியே கொச்சையா அடிக்கணுமா, திருத்தி எழுதணுமா?

பேசியபடியே அடிக்க வேண்டும். 'வந்துட்டேனுங்க' என்றால் 'வந்துட்டேனுங்க'. அதை 'வந்துவிட்டேன்' என்று மாற்ற நமக்கு வேலை இல்லை. திக்கியது, இழுத்தது, இருமியது ஒவ்வொன்றையும் போட வேண்டுமா என்பது வேலை கொடுப்பவரைப் பொறுத்தது, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லை மாற்றக் கூடாது என்பதில் யாருக்காகவும் இறங்கி வராதீர்கள்.

காரணம் இருக்கிறது. 'அவரு போயிட்டாரு' என்றால் கிளம்பினாரா, காலமானாரா? 'வண்டி எடுத்தது மார்ச்சுல' என்றால் வாங்கியதா, ஓட்டத் தொடங்கியதா? 'கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வண்டியில ஏறினாரு' என்பதில் அது எந்தத் தண்ணி? நம் காதுக்கு ஒன்று தோன்றும், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இருந்தாலும் 'மது அருந்திவிட்டு' என்று நாம் அழகாக எழுதிவிட்டால், அவர் சொல்லாத ஒரு வார்த்தையால் அந்தக் குடும்பத்தின் கிளெய்ம் போய்விடும். 'தண்ணி' என்றே இருக்கட்டும். எந்தத் தண்ணி என்று மறுபடி போய்க் கேட்க வேண்டியது இன்வெஸ்டிகேட்டர்.

'ம்ம்'னு சொன்னா 'ஆமாம்'னு போடலாமா?

கூடாது. 'ம்ம்' என்றே போடுங்கள். அது சம்மதமாக இருக்கலாம், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு' என்பதாகவும் இருக்கலாம். 'ம்ஹூம்' என்பது இல்லை. இரண்டுக்கும் நடுவே மூக்கால் விடுகிற ஒரு மூச்சுதான் வித்தியாசம், போன் பதிவில் அந்த மூச்சு பல சமயம் விழாது. மூன்றாவதாக ஒன்று உண்டு. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து 'த்ச்' என்று இச்சுக்கொட்டுவார்களே, நம் பக்கத்தில் அதுவும் 'இல்லை'தான். ஆனால் 'அடடா, பாவம்' என்பதற்கும் அதே சத்தம்தான். நான் [இச்சுக்கொட்டுகிறார்] என்று அடைப்புக்குள் போட்டுவிடுவேன்.

தலையாட்டல்தான் பெரிய வில்லன். கேள்வி வரும், மூன்று வினாடி அமைதி, அடுத்த கேள்வி வந்துவிடும். அந்த மனிதர் மேலும் கீழுமாக ஆட்டினாரா, பக்கவாட்டில் ஆட்டினாரா, யாருக்குத் தெரியும்? [பதில் ஒலிக்கவில்லை] என்று போடுங்கள். 'தலையாட்டாதீங்க, வாயால சொல்லுங்க' என்று சொல்கிற ஒரு சர்வேயர் இருக்கிறார். அவருடைய ஃபைல் வந்தால் எங்களுக்குள் அடிதடியே நடக்கும், யார் எடுப்பது என்று.

ஒம்பதாயிரமா அம்பதாயிரமான்னு தெரியலைக்கா. பத்துத் தடவை கேட்டுட்டேன்.

எல்லாருக்கும் வருகிற கேள்வி இது. எழுத்தில் ஒன்பதும் ஐம்பதும் குழம்பவே குழம்பாது. பேச்சில் ஒம்பது, அம்பது. முதல் எழுத்து ஒன்றுதான் வேறு. அந்த எழுத்து விழும் நேரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் தீர்ந்தது. போன் லைனில் எடுத்த பதிவு இன்னும் மோசம். பழைய போன் இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும்தான் கடத்தும். 'ஸ', 'ஃப' மாதிரி எழுத்துகளின் கூர்மை அதற்கு மேலே இருக்கிறது. அதனால் 'எஸ்'ஸா 'எஃப்'பா என்று வண்டி எண்ணில் அடிதடி வரும்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலில், அதே தொகை வேறு இடத்தில் வருகிறதா பாருங்கள். பில் தொகையைப் பேட்டி எடுப்பவர் பெரும்பாலும் திருப்பிச் சொல்வார். அங்கும் கிடைக்கவில்லை என்றால் [ஒன்பதாயிரம் அல்லது ஐம்பதாயிரம், 14:22] என்று இரண்டையும் நேரத்தோடு போட்டுவிடுங்கள். 'டிங்கரிங்குக்கு ஒன்பதாயிரம்தான் ஆகும், ஐம்பதாயிரமா ஆகும்?' என்று யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நம் வேலை இல்லை.

ஊர் பேர்தான் சரியா பிடிபட மாட்டேங்குது. மேப் பார்த்துப் போடலாமா?

மேப்பை எழுத்து சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி, அன்னதானப்பட்டி, அஸ்தம்பட்டி என்று சேலத்தில் பாதி இடம் பட்டியில்தான் முடியும். அவசரத்தில் பேசுகிறவர்கள் முன்பாதியை விழுங்கிவிட்டு 'ம்பட்டி' மட்டும் தருவார்கள்.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். டிரைவர் ஏதோ ஊர் சொல்கிறார், காற்று அடித்துவிட்டது. இன்வெஸ்டிகேட்டர் அதைத் திருப்பிச் சொல்கிறார். நான் 'ஓமலூரா?' என்று அடித்தேன். அவர் கேட்டது 'ஓ, மல்லூரா?'. ஓமலூர் இருப்பது தருமபுரி போகும் சாலையில், மல்லூர் நாமக்கல் போகும் சாலையில். ஊருக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. எஃப்ஐஆரில் மல்லூர், என் தாளில் ஓமலூர். டிரைவர் மாற்றிப் பேசுகிறார் என்று எழுதி அந்த ஃபைலை ஒன்றரை மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் ஆடியோவை மறுபடி கேட்டதால் தப்பித்தது. ஒரு மூச்சு இடைவெளிதான். அதற்குப் பிறகு ஊர்ப் பெயர் வந்தால் வேகத்தைக் குறைக்காமல் நான் தாண்டுவதில்லை.

நாலு பேர் ஒரே நேரத்துல பேசினா யாரை அடிக்கிறது?

நம் ஊரில் பேட்டி என்றால் இரண்டு பேர் மட்டும் பேசுவது அபூர்வம். மச்சான், பக்கத்து வீட்டுக்காரர், 'அவனுக்கென்ன தெரியும், நான் சொல்றேன்' என்று வருகிற பெரியப்பா எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். அமெரிக்கக் கம்பெனி போன் பதிவுகளில் இரண்டு பக்கமும் தனித்தனிச் சேனலில் வருவது உண்டு. இடது காதில் ஒருவர், வலது காதில் ஒருவர். நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

பேட்டி கொடுப்பவர் குரலை முதலில் பிடியுங்கள், அவருக்கு 'பதில்' என்று போடுங்கள். மற்றவர்களை 'ஆண் குரல் 2', 'பெண் குரல் 1' என்று பிரியுங்கள். 'மச்சான்', 'அம்மா' என்று உறவு போடாதீர்கள். பேட்டி கொடுப்பவர் 'அம்மா' என்று கூப்பிட்டாலும் அது பெற்ற அம்மாவாக இருக்க வேண்டியதில்லை. முக்கியமாக, பெரியப்பா சொன்ன பதில் டிரைவர் பெயரில் ஏறிவிடக் கூடாது. குரல் பிரிக்கவே முடியாத இடத்தில் [பலர் ஒரே நேரத்தில், 08:10 முதல் 08:25 வரை] என்று போட்டுவிட்டு நகருங்கள்.

கேக்கவே கேக்கலைன்னா எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்க்கணும்?

மூன்று தடவை. பிறகு விட்டுவிட்டு மேலே போங்கள். முழுக்க முடித்த பிறகு, முடிந்தால் மறுநாள் காலையில், ஒரு தடவை. ராத்திரி கேட்காத வார்த்தை காலையில் காபிக்கு அப்புறம் பளிச்சென்று கேட்கும். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பத்தில் நாலு இப்படித்தான் தெளியும். அப்போதும் கேட்காவிட்டால் [தெளிவில்லை, 12:43]. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் போடக் கூச்சம். தாள் முழுக்கத் தெளிவில்லை என்று இருந்தால் வேலை தெரியாதவள் என்று நினைப்பார்களே என்பார்கள். நினைக்கட்டும்.

பத்தாவது தடவைக்கு மேல் கேட்டால் வேறொரு ஆபத்து உண்டு. நாம் நினைத்த வார்த்தையே காதில் விழ ஆரம்பித்துவிடும். என்னவென்று சொல்லாமல் இன்னொருவரிடம் போட்டுக் காட்டுங்கள். 'இது ஸ்டெப்னிதானே?' என்று கேட்டால் அவருக்கும் ஸ்டெப்னி என்றுதான் கேட்கும்.

'பொழுதோட', 'சோத்தாங்கைப் பக்கம்' மாதிரி வார்த்தைக்கு அர்த்தம் எழுதலாமா?

தாளுக்குள் எழுதாதீர்கள். தனியாகக் கடைசியில் ஒரு குறிப்பு வைக்க அவர்கள் ஒப்புக்கொண்டால் வைக்கலாம். சென்னையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறவருக்கு 'பொழுதோட வந்தான்' என்றால் சாயங்காலம் வந்தான் என்று தெரியாமல் போகலாம். 'வெள்ளனே', 'சாமத்துல' எல்லாம் அப்படித்தான். விபத்து நடந்த நேரம் இருட்டா வெளிச்சமா என்பதே அதில்தான் இருக்கும்.

சோத்தாங்கை என்றால் வலது, பீச்சாங்கை என்றால் இடது. குழப்பம் எங்கே வரும் என்றால், சொல்கிறவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதில். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பள்ளம் சோத்தாங்கைப் பக்கம் இருந்தால் அடுத்த வளைவு திரும்பியதும் பீச்சாங்கைப் பக்கம் வந்துவிடும். மேலிருந்து எண்ணுகிறாரா கீழிருந்தா என்பதும் தெரியாது. அவர் சொன்னதை மட்டும் அடியுங்கள், படம் வரைந்து சரிசெய்யப் போகாதீர்கள்.

யார் வண்டி ஓட்டினாங்கன்னே அவர் சொல்லலை. முன்னாடி பின்னாடி பார்த்தா புரியுது. சேர்த்துப் போடட்டுமா?

தமிழில் எழுவாய் இல்லாமலே ஒரு மணி நேரம் பேசலாம். 'வண்டிய எடுத்துட்டு வந்தோம், தொப்பூர்ல டீ சாப்பிட்டோம், இறக்கத்துல நியூட்ரல்ல வந்துச்சு.' இதில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது டிரைவரா கிளீனரா என்று எங்கும் இல்லை. ஓட்டியவரிடம் அந்த வண்டிக்கு உரிய லைசென்ஸ் இருந்ததா என்பதில்தான் பல லாரி கிளெய்ம்கள் நிற்கும். 'நான்' என்று ஒரே ஒரு சொல்லைப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று நீங்கள் சேர்த்தால், அவர் கொடுக்காத வாக்குமூலத்தை நீங்கள் கொடுத்தவர் ஆகிறீர்கள்.

'அவருதான் ஓட்டுவாரு' என்பதும் இதே ரகம். வழக்கமாக ஓட்டுவார் என்பதா, அன்றைக்கு ஓட்டினார் என்பதா? 'தண்ணி' பற்றிச் சொன்னதுதான் இதற்கும்.

'நாலஞ்சு வருஷமா சுகர் இருந்துச்சு'ங்கறாங்க. நாலா, அஞ்சான்னு எதைப் போட?

'நாலஞ்சு' என்றே. உயிர் காப்பீட்டில் இந்த மாதிரிச் சொல்லுக்காகத்தான் பேட்டியே எடுக்கிறார்கள். 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி, 2015-ல் திருத்தம் வந்த பிறகு, மூன்று வருடம் கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. பாலிசி நின்றுபோய்ப் புதுப்பித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம். அதற்குள் மரணம் என்றால் விசாரிப்பார்கள். பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்ததா, மறைத்தார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வாய்ப்போக்கில் 'நாலஞ்சு வருஷமா' என்பார். மருந்துச் சீட்டு என்ன சொல்கிறது என்பது தனி விஷயம். அந்தப் பாட்டி கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை என்பது அந்த 'நாலஞ்சு'விலேயே தெரிகிறது. அதை '5 ஆண்டுகள்' என்று இலக்கத்தில் போட்டால் மருத்துவச் சான்றிதழ் மாதிரி ஆகிவிடும்.

இரைச்சலைக் குறைக்க ஆடியோவை எடிட் பண்ணலாமா?

நகல் எடுத்து அதில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளே போதும். மின்விசிறி இரைச்சல் போல ஒரே சீராக வருவது குறையும். துணி உரசல், ஹாரன் குறையாது. வந்த ஃபைலை மட்டும் தொடாதீர்கள். பெயரைக்கூட மாற்றாதீர்கள், எது மூலம் என்று பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனால் ஆடியோதான் சாட்சியம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வைக்க வேண்டும், அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு) குறிப்பிட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி என்று வக்கீல்கள் சொல்வார்களே, அதன் இடத்தில் வந்தது இது. ஃபைலில் ஒரு வினாடியை வெட்டினாலும் ஹாஷ் மாறிவிடும். 'முன்னாடி ரெண்டு நிமிஷம் சும்மா இருந்துச்சு, வெட்டிட்டேன்' என்று ஒரு தம்பி சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, அனுப்பியவரிடம் மூலம் இருந்தது.

இதெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே அடிச்சிடுதேக்கா?

அடிக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-ல் வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருளில் தொடங்கி பலவற்றைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அமைதியான அறை, நிதானமான பேச்சு என்றால் பாதி வேலை மிச்சம். பட்டறை ஆடியோவைக் கொடுத்தால் பேசாத இடத்திலும் எழுதும். வெறும் ஜெனரேட்டர் சத்தம் ஓடிய நாற்பது வினாடிக்கு ஒரு முழு வாக்கியத்தை, முற்றுப்புள்ளியோடு, எனக்கு எழுதித் தந்தது. அது கற்பனை என்று ஆடியோ கேட்காமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கம்ப்யூட்டரால் எனக்குள்ள பெரிய தொல்லை, அது வெட்கப்படாது. நமக்குக் கேட்கவில்லை என்றால் [தெளிவில்லை] போடுகிறோம், அது எதையாவது போட்டு நிரப்பிவிடும். அதை வைத்து முதல் பிரதி எடுத்தாலும் ஒவ்வொரு வரியையும் காதால் சரிபாருங்கள். வேலை கொடுப்பவர் அனுமதி இல்லாமல் ஆன்லைன் தளம் எதிலும் ஏற்றவும் கூடாது. காரணம், ரகசியம் பற்றிய கேள்வியில்.

அமெரிக்க ஆடியோவுக்கு நல்ல காசாமே?

நிமிடத்துக்குக் கூடத்தான். முறையும் ஒழுங்காக இருக்கும். அட்ஜஸ்டர் (அங்கே கிளெய்மை விசாரிப்பவர்) தேதி, நேரம், கிளெய்ம் எண் சொல்வார், முழுப் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார், உங்கள் அனுமதியோடுதான் பதிவு செய்கிறேனா என்று தொடக்கத்திலும் முடிவிலும் கேட்பார். கலிபோர்னியா மாதிரிச் சில மாநிலங்களில் பேசுகிற எல்லாருடைய சம்மதமும் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்பது சட்டம்.

தொல்லை வேறு மாதிரி. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிடுவது அவர்களுக்கு இடது திருப்பம். அஞ்சு ரோட்டில் வண்டி ஓட்டிப் பழகிய நம் மூளை அதைத் தலைகீழாகப் பார்க்கும், கையும் தானாக 'ரைட்' என்று அடித்துவிடும். மேலே சொன்ன 'ம்ம்', 'ம்ஹூம்' அங்கேயும் உண்டு, வேறு மூக்கில்.

பேட்டி எடுக்கிறவரே பதிலைச் சொல்லிக் கொடுக்கிறாரு. அதையும் அடிக்கணுமா?

கட்டாயம். 'அப்ப வண்டி மெதுவாத்தானே வந்துச்சு, இல்லீங்களா?' என்று அவர் கேட்டதும், இவர் 'ஆமாங்க' என்றதும் அப்படியே வர வேண்டும். கேள்வியைச் சுருக்கி 'வண்டி வேகம்?' என்றும், பதிலை 'மெதுவாக' என்றும் எழுதித் தரச் சொன்ன இடம் ஒன்று உண்டு. படிக்க அழகாக இருக்குமாம். நான் செய்யவில்லை, வேலையும் நின்றுபோனது. 'இதைப் பதிவு பண்ணாதீங்க' என்று சொன்ன பிறகும் ஓடிய பகுதி வந்தால், அந்த வார்த்தையோடு சேர்த்து அடித்துவிட்டு, தனியாக ஒரு வரி எழுதி அனுப்பியவருக்குத் தெரியப்படுத்துங்கள். எடுப்பதா வைப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

அழுதா என்ன போடுறது?

[அழுகை, 06:15 முதல் 07:02 வரை]. அவ்வளவுதான் போட முடியும்.

கணவர் இறந்து இருபது நாள் ஆன ஒரு பெண்ணின் பேட்டி. சமையலறைக்குப் பக்கத்தில் எடுத்திருக்கிறார்கள். கணவருக்கு நெஞ்சுவலி எப்போது வந்தது, யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேள்விகள் போகின்றன. நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. அந்தம்மா, 'இருங்க, ரெண்டாச்சு, மூணுக்கு இறக்கணும்' என்று எழுந்து போகிறார். மூன்றாவது விசில். பாத்திரம் வைக்கிற சத்தம். திரும்பி வந்து, 'என்ன கேட்டீங்க?' என்கிறார். அழுகையை விட அந்த இடம்தான் எனக்குத் தாங்கவில்லை. [குக்கர் விசில்] என்று அடித்துவிட்டுக் கீழே போய்விட்டேன். இந்த மாதிரி ஃபைலை ஒரு நாளுக்கு ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.

கேட்ட கதையை வீட்டுல சொல்லலாமா?

கூடாது. ஆதார் எண், போன் எண், வங்கிக் கணக்கு, இறந்தவருக்கு என்ன நோய், யாருக்கு யாரோடு தகராறு என்று எல்லாம் அதில் இருக்கிறது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் 'இந்த வார்த்தை என்னன்னு பாருங்க' என்று ஆடியோ துண்டைப் போடுவதும் இதில் சேரும். இன்னொரு காது வேண்டுமென்றால், அதே வேலையில் இருக்கிற, அனுமதி உள்ள ஒருவரை வைத்துக் கேளுங்கள். முடித்து ஒப்புதல் வந்ததும் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலை அழித்துவிடுங்கள். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடியோவுல பேசுறது எனக்குத் தெரிஞ்சவங்கன்னா?

சேலம் பெரிய ஊர் என்று நினைப்போம், அவ்வளவு பெரிதில்லை. எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. முதல் தடவை ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் மேஸ்திரி, முகம் தெரியும், அவ்வளவே. அனுப்பியவரிடம் சொன்னேன், பரவாயில்லை செய்யுங்கள் என்றார், செய்தேன்.

இரண்டாவது, எங்கள் தெருக்காரர். பெயர் வருகிற இடத்தில் ஆட்டோ சத்தம், அதனால் முதலில் பிடிபடவில்லை. பின்னணியில் ஐஸ்காரர் மணி அடித்துக்கொண்டு போனார், அந்த மணியை வைத்து எங்கள் தெரு என்று தெரிந்தது. அதற்கப்புறம் குரல் தானாகத் தெரிந்துவிட்டது. தறி ஷெட் எரிந்தபோது உள்ளே எவ்வளவு பாவு (தறியில் ஏற்றுகிற நூல்) இருந்தது என்று கேட்கிறார்கள். அவர் ஒரு எண்ணிக்கை சொல்கிறார். எரிவதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னது வேறு எண்ணிக்கை. அதற்கு மேல் என் காதை நானே நம்ப முடியாது. அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று கேட்பேன். ஃபைலைத் திருப்பி அனுப்பி, தெரிந்தவர் என்று மட்டும் எழுதினேன். பதினெட்டாவது நிமிடம் வரை அடித்திருந்தேன், அதற்குக் காசு வரவில்லை.